மருந்துக்கடை வரை போன சீட்டுகள்

தபால் நிலையத்தில் மூன்றாவது கவுன்டர் அவளுடையது. யாராவது மணியார்டர் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றால், "இங்க குடுங்க" என்று தானே வாங்கி எழுதிக் கொடுத்துவிடுவாள். வரிசையில் நிற்பவர்களின் முணுமுணுப்பைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அவள் கணவனைத் தெருவில் எல்லோரும் பெயின்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். உரிந்த சுவரைப் பார்த்தே பழைய நிறத்தை அச்சு அசலாகக் கலந்துவிடுகிற கை. கல்யாணமாகி இரண்டு வருடம். அவளுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். கைபேசி எல்லாம் வராத காலம். அதனால் சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போவாள். 'மழை வந்தா துணிய எடுங்க.' 'தண்ணி பிடிச்சு வைங்க.' சண்டைக்கு மறுநாள் மட்டும் நெஞ்சுருக நாலு வரி. சீட்டில் இருப்பதையெல்லாம் பெயின்டர் தட்டாமல் செய்வார். பதில் மட்டும் எழுதியதே இல்லை. கூச்ச சுபாவம் என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஆள் வந்தது. 'அம்மாவுக்கு அடி. ஆஸ்பத்திரிக்குப் போறேன். உடனே வாங்க' என்று எழுதி வைத்துவிட்டு ஓடினாள். எக்ஸ்ரே அறைக்கும் வார்டுக்குமாக ஒற்றை ஆளாய் அலைந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பெயின்டர் வரவேயில்லை. மறுநாள் காலை தங்கையை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு வீடு திரும்பினால், மனிதர் கண் சிவந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மா போய்ச் சேர்ந்திருந்தாக்கூட வந்திருக்க மாட்டீங்க, இல்ல?"

அவர் பதறி எழுந்தார். "அத்தைக்கு என்ன ஆச்சு?"

"எழுதி வெச்சுட்டுத்தானே போனேன்!"

அவர் சட்டைப்பையிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்தார். "எனக்குப் படிக்கத் தெரியாது. உன்னைக் காணோம்னு போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் போய்த் தேடிட்டு வந்தேன்."

"அப்ப இத்தனை நாளா?"

"மருந்துக்கடைக்காரர் படிச்சுச் சொல்வாரு. ஞாயித்துக்கிழமை கடை லீவு."

"பக்கத்து வீட்ல காட்டியிருக்கலாமே?"

"காட்டினா உன் காதுக்கு வந்துடுமே."

அவளுக்குச் சட்டென்று வேறொன்று உறைத்தது. "எல்லாச் சீட்டையுமா காட்டினீங்க?"

"எல்லாத்தையும்தான். சிலதுல அவரு பாதியிலேயே இருமிட்டு, 'மிச்சம் உங்களுக்கே புரியும்'னு மடிச்சுக் குடுத்துடுவாரு."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பத்து நாள் அவரோடு பேச்சில்லை. படிப்பு இல்லாததல்ல, மறைத்ததுதான் அவளுக்கு ஆறவில்லை. அவர் வாய் திறக்காமல் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய், மாமியாரைத் தூக்கி உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்தார்.

பதினோராம் நாள் கவுன்டரில் ஒருவர், "கண்ணாடிய வீட்லயே விட்டுட்டேன்மா" என்று பாரத்தை நீட்டினார். வழக்கம்போல எழுத ஆரம்பித்தவளுக்குக் கை நின்றுவிட்டது. முன்பின் தெரியாத மனிதரிடம் இவ்வளவு பொறுமை. வீட்டில் இருப்பவருக்கு?

அன்று சாயங்காலம் அவளே பேச்செடுத்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சரின்னிருப்பியா?"

"தெரியல."

"அந்தப் பயந்தான்" என்றார்.

அவளே கற்றுக்கொடுக்க உட்கார்ந்தாள். மூன்றே நாள். அவள் அவசரத்துக்கும் அவர் ரோஷத்துக்கும் ஒத்துவரவில்லை. வீடு இரண்டுபடும் போலிருந்தது. கடைசியில் அவராகவே மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்துகொண்டார். எப்படிப் போகிறது என்று கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. நாக்கைக் கடித்துக்கொண்டு அவளும் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, அம்மாவைப் பார்த்துவிட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல கூட்டம். அவள் உள்ளே, அவர் படிக்கட்டில். திடீரென்று அவர் குரல் கணீரென்று கேட்டது.

"படி...யில்... நிற்...கா...தீர்!"

அவள் கூட்டத்துக்கு மேலே எக்கி, அவர் முகத்தைப் பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன.

"அதான் படிச்சாச்சுல்ல, மேல ஏறுங்க" என்றார் கண்டக்டர்.