கற்காலக் குகையில் தனியாகக் கிடந்த மாலைப்பொழுது

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையின்போது கொல்லிமலையில் நடந்தது இது. அங்கே திருப்புலி நாடு என்ற மலைக்கிராமப் பகுதியில், பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு குகைக்கு என்னைக் காவலராகப் போட்டிருந்தார்கள். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். மனைவியும் மகளும் அங்கே. நான் மலையில் ஒரு வாடகை அறையில்.

வேலை கஷ்டமில்லை. கம்பி வேலிக் கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்கள் பாறையில் பெயர் கிறுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் வருவதற்கே ஆளிருக்காது. நாள் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அறைக்குத் திரும்பியிருக்கிறேன். வழியில் ஒரு மிளகுத் தோட்டத்தில் ஒரு கணவனும் மனைவியும் குடியிருந்தார்கள். அவர்களிடம்கூட நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. பேசினால் ஊர் ஞாபகம் வந்துவிடும் என்று பயம்.

அன்று மதியம் மழை வலுத்தது. குகைக்குள் போய், தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க ஒரு பாறைமேல் ஏறினேன். பாசி வழுக்கிவிட்டது. விழுந்த வேகத்தில் கணுக்கால் மடங்கிக்கொண்டது. காலை ஊன்றவே முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை. கத்திப் பார்த்தேன். மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சுவரில் சாய்ந்து கிடந்தேன். இதே இடத்தில் ஒரு காலத்தில் எத்தனை பேர் நெருப்பைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றியது. நான் திரும்பி வரவில்லை என்று கேட்க இந்த மலையில் ஒருத்தரும் இல்லையே என்று நினைத்ததும், வலியை மீறி அழுகை வந்தது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வாசலில் டார்ச் தெரிந்தது. மிளகுத் தோட்டத்துக் கணவனும் மனைவியும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்து நின்றார்கள்.

“இந்நேரம் எங்க ஊட்டைத் தாண்டிப் போயிருப்பீங்களே, இன்னிக்குக் காணோமேன்னு வந்தோமுங்க” என்றார் அந்த அம்மா.

தினமும் என்னைக் கவனிப்பீர்களா என்று கேட்டேன்.

“நீங்க போறதைப் பாத்துட்டுத்தானுங்க நான் அடுப்பே பத்த வைப்பேன்.”

அவர் கணவர் என்னை முதுகில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோனார். சுடச்சுட மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்கள். மறுநாள் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தார்கள். எலும்பு முறிந்திருந்தது. போனில் என் மனைவி அழுதபோது, “அழுவாத கண்ணு, நாங்க பாத்துக்கறோம்” என்று அந்த அம்மாதான் பேசினார்.

இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். எதிர்வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். காலையில் அவர் கதவு திறக்கும் சத்தம் கேட்காவிட்டால், போய்த் தட்டிப் பார்க்காமல் என்னால் வேலைக்குக் கிளம்ப முடிவதில்லை.