இரட்டைக் காவல்

அவரை எல்லோரும் ஊசிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கால்நடை மருத்துவமனையில் அவர் தடுப்பூசி போடுகிறவர், நான் ஜீப் ஓட்டுகிறவன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்களே, அதை மாற்றி, பத்தாயிரம் மாட்டைக் காப்பாற்றியவன் அரை வைத்தியன் என்று சொல்லிச் சிரிப்பார். இப்போது சொல்வதில்லை.

அந்த வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் நோய் வந்தது. மாடுகள் மூக்கில் ரத்தம் வழியச் செத்து விழுந்தன. ஊர் ஊராகத் தடுப்பூசி போட உத்தரவு வந்ததும் இவருக்குத் தங்கை நினைப்புதான். அவள் வீட்டில் ஐந்து மாடு, அதை விட்டால் மாப்பிள்ளைக்கு வேறு பிழைப்பில்லை. ஊரார் மாட்டுக்கெல்லாம் தடுப்பூசி மட்டும் போட்ட மனுஷன், தங்கை வீட்டில் மட்டும் தடுப்பூசியோடு பென்சிலினும் போட்டார். நோய் வந்த மாட்டுக்குக் கொடுக்கிற மருந்துதானே, முன்கூட்டியே உள்ளே இருந்தால் இரட்டைக் காவல் என்றார். டாக்டரிடம் கேட்டீர்களா என்றேன். இதுக்கெல்லாமா கேட்பாங்க என்றார். நானும் சும்மா இருந்து தொலைத்தேன்.

"இனிமே அடைப்பான் உங்க வாசல்ல எட்டிப் பார்க்காது மாப்ளே" என்று தோளில் தட்டிவிட்டு வந்தார்.

ஒரு மாதம் கழித்து அங்கே ஒரு மாடு செத்தது. அடைப்பானில் செத்த மாட்டைக் கீறக் கூடாது, கீறினால் ஆளுக்கும் தொற்றும், ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும் என்று மாப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஊசி போட்ட மாடாயிற்றே! பாம்பு கடித்திருக்கும் என்று நினைத்து, தோலாவது மிஞ்சட்டும் என்று கத்தியை எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் முன்கையில் ஒரு கொப்புளம். அது கறுத்தது. சாதாரணக் கட்டிதான் என்று பச்சிலை வைத்துக் கட்டினார். அடுத்த மாடு செத்தபோது அவருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஐந்தாம் நாள் போய்விட்டார்.

எங்கள் டாக்டர் இரண்டாவது மாட்டின் ரத்தத்தைச் சோதித்து அடைப்பான்தான் என்றார். ஊசி எப்படிப் பொய்த்தது என்று விசாரித்தபோது இவர் பென்சிலினைச் சொன்னார். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அது உயிருள்ள கிருமிய்யா. வீரியத்தைக் குறைச்சு உள்ளே விடறோம். அது கொஞ்ச நாள் உள்ளே இருந்தாத்தான் உடம்பு எதிர்க்கக் கத்துக்கும். நீ அதைக் கொன்னுட்டே."

பென்சிலின் சில நாளில் கரைந்துபோனது, பிறகு அந்த மாடுகளுக்கு எந்தக் காவலும் இல்லை. ஊரார் மாடு ஒன்றுகூடச் சாகவில்லை. பாவி மனுஷன், பாசம் வைத்த இடத்தில்தானா கை வைக்க வேண்டும்!

இப்போதெல்லாம் ஊசி போடும் முன் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிறார், இந்த வாரம் மாட்டுக்கு வேறு மருந்து ஏதும் கொடுத்தீர்களா என்று. தங்கையிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. தினம் தினம் செத்துப் பிழைக்கிறார்.

இந்த வருஷம் ஊசி போட அவள் வீட்டுக்குப் போனோம். மிச்சமிருந்த மூன்று மாட்டையும் அவளே பிடித்துக் கட்டினாள். இவர் ஒரு சிரிஞ்சை மட்டும் எடுத்ததைப் பார்த்தாள்.

"அண்ணா, போன தடவை மாதிரி ரெண்டு ஊசியும் போட்டுடு. அதனாலதான் இந்த மூணு மாடாவது தப்பிச்சுது."

இவர் சிரிஞ்சில் மருந்தை ஏற்றினார். ஒன்று போதும்மா என்றார்.

"ஏண்ணா?" என்று கேட்டாள்.