நாலாவது ஆளோடு பாபடோயிட்டோய்க்கு ஒரு ஹொக்கிப் பயணம்

சனிக்கிழமை காலையில் பிள்ளையை விளையாட்டுக்குக் காரில் கொண்டுபோவதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பவர்கள், எண்பதுகளில் நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு வந்து கார் ஓட்டப் பழகிய யாழ்ப்பாணத்துத் தாயாக இருந்திருக்க மாட்டார்கள். நான் இருந்தேன். 1988 ஓகஸ்ட், ஒரு குளிர்காலச் சனிக்கிழமை. பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து பாபடோயிட்டோய்க்கு ஏறக்குறைய பதினெட்டுக் கிலோமீற்றர். எனக்கு லைசன்ஸ் கிடைத்து மூன்று கிழமைதான். வழக்கமாகக் கொண்டுபோய் விடும் கணவருக்கு அன்று நியூ லின்னில் வேலை.

மகள் சுகி படித்தது சின்னக் கொலிஜ்; இங்கே உயர்பள்ளிக்கு அந்தப் பெயர். மற்ற எல்லா விளையாட்டிலும் கீழ்ப் பிரிவில் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஹொக்கியில் மட்டும் முந்தின வருடம் கீழ்ப் பிரிவை வென்றுவிட்டதால் மேல் பிரிவுக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே இருந்ததெல்லாம் பெரிய பள்ளிக்கூடங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று அணிக்கு ஆள் இருந்தது. எங்களிடம் சரியாகப் பதினொரு பிள்ளைகள், அதில் சுகி கோல் காப்பவள். அன்று கடைசி ஆட்டம். சமநிலையில் முடிந்தால் மேல் பிரிவில் நிற்கலாம், தோற்றால் கீழே. "கீழ போனா என்ன, குடியா முழுகிப் போகும்?" என்று கேட்டதற்கு அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. என் பயம் வேறு. அந்தப் பந்து கல்லு மாதிரி இருக்கும். அது என் பிள்ளையை நோக்கித்தான் வரும்.

சுகியின் கூட்டாளி சினா, சமோவாப் பிள்ளை, எங்கள் காரில் ஏறியபோதுதான் எண்ணிப் பார்த்தேன். நான், சுகி, சினா. மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் புறப்படுவது எங்கள் வீட்டில் கிடையாது. வேறு வழியில்லை என்றால் ஒரு கல்லையாவது நாலாவது ஆளாகக் கூட எடுத்துப்போவோம். பூக்கன்றுப் பாத்தியில் ஒரு கல்லைக் கிளப்பினேன்.

"அம்மா, நோ! சினாக்கு முன்னால கல்லைக் காருக்குள்ள ஏத்தாதேங்கோ, பிளீஸ்!"

கல்லைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே பார்வதி அக்கா இருந்தார். தென்னிந்திய வழிவந்தவர். பீஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இங்கே வந்தவர். அவருடைய மகள் கமலாவும் அதே கொலிஜ்.

"அக்கா, மூண்டு பேராப் போகேலாது. கமலாவை ஒருக்கா என்னோட விடுங்கோ. சும்மா காரில இருந்தாப் போதும்."

"எனக்கு இருக்கிறது இவ ஒண்ணுதான். பத்திரமா கொண்டாந்துடணும்," என்றார். சிரிக்கவில்லை.

எட்டேகாலுக்குப் புறப்பட்டோம். ஹில்ஸ்பரோ ரோட் வரை உயிர் என்னிடம்தான் இருந்தது. மாங்கரே பாலத்தில் ஏறியதும் கடல்காற்று காரைப் பக்கவாட்டில் தள்ள, வலப்பக்கம் ஒரு லொறி உரசுவது போலப் போனது. முருகா முருகா என்று ஐம்பதில் ஊர்ந்தேன். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டேன்.

மைதானத்தை அடையும்போது ஒன்பது மணி. ரீச்சர் தலையை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலாம், பத்துப் பேர்தான். அவருடைய பார்வை குளிருக்குக் கொலிஜ் ஸ்வெட்டர் போட்டிருந்த கமலா மேல் விழுந்தது.

"டூ யூ பிளே?"

"இன் பீஜி. வித் மை கசின்ஸ்."

இது எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் சினா ஒரு மட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டாள். கமலாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு எப்படி மறிப்பது? டெய்ரி என்று இங்கே சொல்லும் மூலைக் கடைக்கு ஓடி, வாசலில் இருந்த பெட்டியிலிருந்து பார்வதி அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது ஆட்டம் தொடங்கிவிட்டது.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊட்டத்தான் சொன்னார்கள், கோலுக்கு முன்னால் நிறுத்தச் சொல்லவில்லை. பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம் என்று இரண்டு பாதியும் நான் மூச்சு விட்டதாக ஞாபகம் இல்லை. பந்து சுகியின் கால் கவசத்தில் மோதும் ஒவ்வொரு சத்தமும் என் நெஞ்சில்தான் விழுந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. கடைசி நிமிடத்தில் சுகி சேற்றில் சறுக்கி விழுந்தாள். கோல் திறந்து கிடந்தது. கமலா குறுக்கே பாய்ந்து பந்தை மட்டையால் தடுத்து வெளியே தள்ளினாள். பின்னாலேயே வந்த எதிரணிப் பிள்ளையின் மட்டை அவள் விரல்களில் இறங்கியது.

ஆட்டம் முடிந்த விசில், எங்கள் பிள்ளைகளின் கூச்சல், எல்லாம் எங்கேயோ கேட்டன. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் ஓடினேன். விழுந்து கிடந்த என் பிள்ளையைத் தாண்டித்தான் ஓடினேன். கமலாவின் இரண்டு விரல்கள் வீங்கியிருந்தன. மடக்கச் சொன்னேன், மடக்கினாள். அப்போதுதான் திரும்பிச் சுகியைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

சினா பாபடோயிட்டோயில் இருந்த தன் மாமி வீட்டுக்குப் போய்விட்டாள். கமலாவின் கையில் டெய்ரியில் வாங்கிய உறைந்த பட்டாணிப் பையை வைத்துக் கட்டிப் புறப்பட்டேன். பாலத்தின் நடுவில்தான் உறைத்தது: இப்போது நாங்கள் மூன்று பேர். அங்கே நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. மறுபடியும் முருகா முருகா என்று ஓட்டினேன்.

இந்த வழியில் முதல்முறை ஓட்டப்போகிறவர்களுக்கு: பாலத்தில் இடப்பக்கப் பாதையை விடாதீர்கள், காற்று நாளில் ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். மாற்றுச் சொக்ஸ் இரண்டு சோடி வேண்டும், ஒன்று உங்களுக்கு. சேலை வேண்டாம். மற்றவர் பிள்ளையை ஏற்றினால், அந்தத் தாய் பகல் முழுக்க எங்கே இருப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பள்ளிக்கூடம் பெரியவர்களோடு மோதும் நாளில் கரையில் நிற்கிறவர்களுக்கும் எப்போது அழைப்பு வரும் என்று தெரியாது.

பார்வதி அக்கா கடைக்குப் போயிருந்தாராம். நாங்கள் வரும்போது வாசலில் நின்றார். கமலா அவரிடம் ஆங்கிலத்தில் படபடவென்று எல்லாம் சொன்னாள். அவர் வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நான் ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன்.

"இவகிட்டதான் முதல்ல ஓடினீங்களாமே?"

தலையாட்டினேன்.

"அடுத்த வருசம் நானும் கார்ல வர்றேன். நீங்க உங்க பிள்ளைகிட்ட ஓடுங்க."