அண்ணன் பெயரில் எரிந்த பை

போன கிழமை இத்தாலியில், பலெர்மோவை ஒட்டிய ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்துக்குப் போய், சாப்பிடாமலே எழும்பி வந்தேன். வாசலிலிருந்து கடல்வரை கடதாசிப் பைகளை நிறுத்தி, உள்ளே பற்றரி மெழுகுதிரி வைத்திருந்தார்கள். பையில் நட்சத்திரம் வேறு வெட்டியிருந்தது. இது மெக்சிக்கோவில் கிறிஸ்மசுக்கு வைப்பது என்று பரிமாறுகிறவன் பெருமையாக விளக்கினான். அங்கே எவன் தொடங்கினானோ, நல்லாயிருக்கட்டும். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து நூடில்ஸ் அவித்துத் தின்றேன், அதுதான் என் வீரம்.

மன்னாரில் எங்கள் கல்லறை நிலமான சேமக்காலை கடலோரம். ஆத்துமாக்கள் திருநாளன்று கல்லறையில் கொளுத்தும் மெழுகுதிரியைக் காற்று எரிய விடாது. அதனால் கடையில் சீனி கட்டித் தந்த பைக்குள் மணல் போட்டு, அதில் திரியை நடுவார்கள். அழகுக்கென்று ஒருத்தரும் வைத்ததில்லை.

பலெர்மோவுக்கு வந்த புதிதில் எங்களுக்கு இங்கே கல்லறை ஏது? செத்தவர்கள் எல்லாரும் அங்கே. வீடு துப்புரவாக்கப் போகும் ரீற்றாக்கா, போர்கோ வெக்கியோச் சந்தைப் பேக்கரியில் பாண் வாங்கிய கடதாசிப் பைகளை வருடம் முழுக்கச் சேர்ப்பார். எங்கள் ஊர்க்காரி, அண்ணனை இடுப்பில் தூக்கித் திரிந்தவர், எல்லாரையும் அதட்டுகிற மனுசி. பைகளில் எள் மணக்கும், இந்த ஊர்ப் பாணில் எள் தூவாமல் விடமாட்டார்கள். ஒவ்வொரு பையிலும் செத்த ஒருவரின் பெயரை எழுதி, ஆத்துமாக்கள் திருநாளன்று நாங்கள் பூசைக்குப் போகும் கோயில் முற்றத்தில் கொளுத்துவோம்.

ஒரு வருடம் கோப்பை கழுவுகிற வேலை முடிந்து பிந்தித்தான் போனேன். முன்வரிசையில் 'அன்ரன்' என்று ஒரு பை எரிந்துகொண்டிருந்தது. என் அண்ணன். ஊரில் நடந்த சண்டையின் கடைசி நாட்களில் ஆமிக்காரர் அவனைப் பஸ்ஸில் ஏற்றிப் போனதைக் கண்டவர்கள் உண்டு, செத்ததைக் கண்டவர் ஒருவருமில்லை. அவன் படத்துக்கு மாலை போட அம்மா கடைசிவரை விடவில்லை. நான் பையை மிதித்து அணைத்தேன்.

"தம்பி, எத்தினை வருசமாச்சு? அந்த ஆத்துமாவுக்கும் வெளிச்சம் வேணுமெல்லே," என்றார் ரீற்றாக்கா.

"ஆத்துமா எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? செத்தவீட்டை நீங்களே நடத்திப்போட்டியளோ?"

முற்றமே இரண்டாகப் பிரிந்து நின்று கத்தியது. சண்டை பிடிக்கிற சனத்துக்கு இனி முற்றம் இல்லை என்று பாதர் சொல்லிவிட்டார். அத்தோடு பை கொளுத்துவதும் நின்றது. ரீற்றாக்காவோடு அதற்குப் பிறகு நான் கதைக்கவேயில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அம்மா போய்விட்டார். தன் மகனிடம் லண்டனுக்குப் போன ரீற்றாக்காவும் அங்கேயே கண்ணை மூடிவிட்டாராம். பலெர்மோவில் அண்ணனைத் தெரிந்த ஆள் என்னைத் தவிர அவர் ஒருவர்தான். இப்போது கோயிலடியில் நான் அவன் பெயரைச் சொன்னால், எந்த அன்ரன் என்று கேட்கிறார்கள்.