பத்தாம் பக்கத்து முத்திரை

பெரிய கடைகளுக்கு வாசல் இரண்டு. உள்ளே போகிற வாசலில் நிற்பவர் பல்லைக் காட்டுவார். வெளியே வருகிற வாசலில் நிற்பவர் பையைக் காட்டச் சொல்வார். முதலாமவரை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, இரண்டாமவரை யாரும் மன்னிப்பதில்லை. நம்மவர் இரண்டாம் ரகம். ஐந்து மாடித் துணிக்கடை ஒன்றின் வெளிவாசலில் பத்தொன்பது வருடமாக நிற்கிறார். ரசீதை வாங்குவார், பையைப் பிரிப்பார், உருப்படிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். எல்லாம் ஒத்துப்போனால் ரசீதின் மூலையில் ஊதா மையில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு குத்து. அந்தக் குத்து விழாமல் முதலாளியின் மாமியாரே ஒரு கைக்குட்டையை வெளியே கொண்டுபோக முடியாது. ஒருமுறை கொண்டுபோகப் பார்த்தார், முடியவில்லை. அன்றிலிருந்து கடையில் நம்மவருக்குப் பெயர் எக்ஸ்ரே.

சந்தேகம் என்ன, சீருடையோடு சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டுகிற பொருளா? வீட்டுக்கும் கூடவே வந்தது. பால் பாக்கெட்டின் தேதியைக் கடைக்காரர் எதிரிலேயே வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பார். பக்கத்து வீட்டுக்காரர் வலிய வந்து சிரித்தால், என்ன கேட்கப் போகிறாரோ என்று சாயங்காலம் வரை காத்திருப்பார். (பெரும்பாலும் ஏணி கேட்பார். காத்திருந்தது வீண்போனதில்லை.) மகள் பிறந்த அன்று நர்ஸ் குழந்தையை நீட்டியபோது, மற்ற அப்பாக்களைப் போல முகத்தைப் பார்க்காமல், குழந்தையின் மணிக்கட்டில் கட்டியிருந்த அடையாளச் சீட்டைப் பார்த்தார். நான்கு முறை. அப்புறம்தான் முகம். இதை அவர் மனைவி பத்து வருடமாக உறவுக்காரர்களிடம் சொல்லி வருகிறார், ஆண்டுக்கு ஒரு முறையைக் கூட்டிக்கொண்டே. இப்போது பதினான்கில் நிற்கிறது.

இந்தக் குணம் வேலையால் வந்ததா, குணத்தால் வேலை வந்ததா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. ஏழாம் வகுப்பில் ஒரு பேனா காணாமல் போனது மட்டும் நினைவிருக்கிறது. நாற்பது பைகள் இருந்த வகுப்பில் வாத்தியார் முதலில் திறந்தது இவருடைய பையை. கடைசியில் பேனா வாத்தியாரின் சட்டைப் பையிலேயே இருந்தது. வகுப்பு சிரித்தது, வாத்தியாரும் சிரித்தார், பாடம் தொடர்ந்தது. பையை மூடியது இவர்தான்.

இப்பேர்ப்பட்ட மனிதரின் கையில் ஒரு திங்கட்கிழமை அந்தச் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது.

மகளின் ஐந்தாம் வகுப்பு டீச்சர் அனுப்பியது. பிள்ளைகள் தங்களைத் தாங்களே மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அதற்காக ஆளுக்கொரு சின்னப் புத்தகம் எழுதுவார்களாம். தலைப்பு, ‘என்னிடம் உள்ள நல்லது’. பள்ளி நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பக்கம். பக்கத்துக்கு ஒரு நல்ல குணம் அல்லது திறமை, கூட ஒரு படம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘வீட்டிலிருந்து ஒரு சொல்’ என்று ஒரு கட்டம். அதைப் பெற்றோர் நிரப்ப வேண்டும். பத்துக் கட்டமும் நிரம்பிய புத்தகங்களை இரண்டாம் வாரத்துச் சனிக்கிழமை வகுப்பறையில் கொடி கட்டி, எல்லோரும் படிக்கத் தொங்கவிடுவார்கள்.

எக்ஸ்ரே அதை மூன்று முறை படித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லாதது சந்தேகத்தை வளர்த்தது.

“நல்லதை மட்டும் எழுதச் சொல்றாங்க. அப்ப கெட்டதை எல்லாம் எதுல எழுதி வெச்சிருக்காங்க?” என்றார் மனைவியிடம்.

மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவர். நாள் முழுக்க நிஜ வலியைப் பார்க்கிறவர் என்பதால் வலியில்லாதவர்கள் புலம்பினால் அவரிடம் டோக்கன் கிடையாது. பிள்ளை காத்திருக்கிறாள், கையெழுத்தைப் போட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நம்மவருக்குச் சமாதானம் ஆகவில்லை. வீட்டு விவரத்தைக் கறக்கிற வேலையோ? பிள்ளை ஆர்வக்கோளாறில் ‘எங்கள் வீட்டில் புது ஃபிரிட்ஜ் இருக்கிறது’ என்று எழுதி வைக்கும். அடுத்த மாதம் கட்டட நிதிக்கு ஆள் வரும். அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. வெளிவாசலில் அவர் கற்ற முதல் பாடம்: காரணம் இல்லாமல் புகழ்கிறவன் பையில் கனம் இருக்கும். ‘உங்களை மாதிரி சின்சியரான ஆளைப் பார்த்ததே இல்ல சார்’ என்று ஆரம்பிக்கிறவரின் பையை அவர் அடித் தையல் வரை துழாவாமல் விட்டதில்லை. ஒரு பள்ளிக்கூடமே சேர்ந்து பிள்ளைகளைப் புகழக் கிளம்பினால்?

ஆக, கட்டத்தை நிரப்புவது, ஆனால் சோதிக்காமல் நிரப்புவதில்லை என்று முடிவெடுத்தார்.

முதல் பக்கத்தில் மகள் எழுதியிருந்தாள்: ‘நான் ஒற்றைக் காலில் ஐந்து நிமிடம் நிற்பேன்.’ பக்கத்தில் ஒரு கொக்கு. அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். நிற்கச் சொன்னார். பிறகு கட்டத்தில் எழுதினார்: ‘சோதனை: மூன்று நிமிடம் நாற்பது நொடி. இடது கால். சுவரைத் தொடவில்லை.’ எழுதியதோடு விடாமல், அலமாரி மேலிருந்து ஒரு பழைய முத்திரையை எடுத்தார். கடையில் புதிது வந்தபோது தூக்கிப்போடச் சொன்ன, கைப்பிடி விரிசல்விட்ட முத்திரை அது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று தன் பையைத் தானே சோதித்து, தனக்கே அனுமதிச் சீட்டும் எழுதிக்கொண்டுதான் வாசலைத் தாண்டினார். அதை மையில் தொட்டுக் குத்தினார். சரிபார்க்கப்பட்டது.

மகள் ஐந்தை அடித்து மூன்று நாற்பது என்று திருத்தினாள். மற்ற வீட்டில் இந்நேரம் அழுகை கேட்டிருக்கும். இவளோ அன்று முழுக்க இடது காலிலேயே வீட்டைச் சுற்றி வந்தாள்.

அதிலிருந்து தினமும் ஒரு சோதனை. ‘எனக்குப் பதிமூன்றாம் வாய்ப்பாடு தெரியும்.’ கட்டத்தில்: ‘முன்னாலிருந்து கேட்டேன். பின்னாலிருந்து கேட்டேன். பல் தேய்க்கும்போது கேட்டேன். சரி.’ ‘நான் நன்றாகப் படம் வரைவேன்.’ கட்டத்தில்: ‘பூனை சரி. குதிரையும் பூனைதான்.’ அதற்கு அரை முத்திரை. மீதி அரை மேசைமேல் விழுந்தது. ‘நான் எதற்கும் பயப்பட மாட்டேன்’ என்ற பக்கம் ஒரு பல்லியால் திரும்பி வந்தது. அவள் யோசித்து, ‘நான் பல்லிக்கு மட்டும்தான் பயப்படுவேன்’ என்று மாற்றி எழுதி, முழு முத்திரை வாங்கிக்கொண்டாள். இப்படி ஒன்பது பக்கம்.

பத்தாம் பக்கத்தைப் புதன்கிழமையே முன்கூட்டி எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். படம் இல்லை. இரண்டே சொல்.

‘என்னை நம்பலாம்.’

எக்ஸ்ரே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இது பத்து வயது வாக்கியமாகத் தெரியவில்லையே, டீச்சர் சொல்லிக்கொடுத்ததோ? போதாததற்கு வாசலில் ஒரு நாளைக்கு நாலு பேர் சொல்கிற வாக்கியம் வேறு. ‘என்னை நம்புங்க சார்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர் பையை இரண்டாம் முறை எண்ணுவது வழக்கம்.

“இதுக்கு எப்படிப்பா டெஸ்ட்டு வெப்பே?” என்றாள் மகள்.

“வெப்போம்” என்றார்.

அன்று சாயங்காலம் ஒட்டிய கவர் ஒன்றை அவளிடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை நீதான் வைத்திருக்க வேண்டும், திறக்கக் கூடாது என்றார். உள்ளே வெற்றுத்தாள். சூட்சுமம் வெளியே இருந்தது. கவரின் வாயில், ஒட்டின கோட்டின் குறுக்கே, தன் தலைமுடி ஒன்றை வைத்துப் பசை தடவியிருந்தார். யாராவது திறந்தால் முடி அறுந்துவிடும். தலையில் கையிருப்பே சொற்பம். அதிலிருந்து ஒன்றைப் பிடுங்கினார் என்றால் விஷயத்தின் தீவிரம் புரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் மேசை இழுப்பறையிலிருந்து கவரை எடுத்து வந்து கொடுத்தாள். அவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். முடி இல்லை. பசைக் கோடும் ஒரு நூல் விலகியிருந்தது.

“திறந்தியா?”

“இல்லப்பா.”

“திறந்திருக்கே.”

“நான் திறக்கலை.”

“அப்ப அதுவே திறந்து, அதுவே ஒட்டிக்கிச்சா?” கடைக்குரல். உயராது, இறங்காது. “வாசல்ல எல்லாரும் இதையேதான் சொல்வாங்க பாப்பா.”

அவள் அழவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள், ஸ்கேலை வைத்தாள், ‘என்னை நம்பலாம்’ என்பதன் மேல் நேராக ஒரு கோடு அடித்தாள். அதன் கீழே சின்ன எழுத்தில், ‘சோதனையில் தேறவில்லை’ என்று அவளே எழுதினாள். புத்தகத்தை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தாள்.

மனைவி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே வீடு சரியில்லை என்று கண்டுகொண்டார். விசாரித்தார். கவரைப் பார்த்தார்.

“இதையா? இதை நான்ல பிரிச்சேன்” என்றார். நேற்று மேசை துடைக்கும்போது இழுப்பறையில் கிடந்ததாம். ஏதோ பள்ளிக்கூடத்துக் கடிதாசி என்று பிரித்தாராம். வெறும் தாள் இருக்கவே, எந்தப் பைத்தியம் வெறும் தாளை ஒட்டி வைத்தது என்று திரும்ப ஒட்டிப் போட்டுவிட்டாராம்.

“திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே.”

“அவகிட்டதானே சொன்னீங்க. என்கிட்டயா சொன்னீங்க?”

வீட்டில் ஆள் மூன்று பேர். பத்தொன்பது வருட அனுபவசாலி, அதில் ஒருவரை மட்டும் சோதித்திருக்கிறார். அதைவிட இன்னொன்று அவரை உறுத்தியது: முடி இல்லை என்றதும் யோசிக்கவே இல்லை, முதலில் திறந்தது அவள் பையைத்தான்.

மகளிடம் போய், அம்மாதான் பிரித்திருக்கிறாள், இப்போது தெரிந்துவிட்டது, புத்தகத்தைக் கொடு, குத்திவிடுகிறேன் என்றார்.

“ஒரு கவர்தானேப்பா” என்றாள் அவள். “இன்னும் ரெண்டு மூணு வெச்சுப் பாரு. அப்புறமா குத்து.”

கோபத்தில் சொல்லியிருந்தால் தேவலை. அவருடைய குரலிலேயே சொன்னாள், உயரவில்லை, இறங்கவில்லை. நாளைக்குப் புத்தகத்தைத் தொங்கவிட வேண்டாம், கட்டம் நிரம்பவில்லை என்று டீச்சரிடம் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னாள். முப்பது பிள்ளைகளின் நல்லது காற்றில் ஆடும்போது தன்னுடையது மட்டும் பைக்குள் கிடக்கட்டும் என்று அவளே தீர்ப்பெழுதிவிட்டாள்.

சனிக்கிழமை காலை அம்மா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த நேரத்தில், எக்ஸ்ரே மகளின் பையைத் திறந்தார். பத்தொன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் பை. ஒன்றைக்கூட அதன் சொந்தக்காரருக்குத் தெரியாமல் திறந்ததில்லை. கடையில் ஒரு வழக்கம் உண்டு: ரசீதில் ஒரு வரி தவறாக அடிபட்டுவிட்டால், தவறு யாருடையதோ அவரே தன் கையால் அதைத் திரும்ப எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். பத்தாம் பக்கத்தில், கோடு அடித்த வரிக்கு மேலே அவர் எழுதினார்: ‘இவளை நம்பலாம்.’ ஒப்பம் போட்டார். கட்டத்தில் பழக்கதோஷத்தில் ‘சோதனை:’ என்று ஆரம்பித்தார். பேனா நின்றது. அதற்கு மேல் ஒன்றும் எழுதாமல் முத்திரையைக் குத்தினார். ஜிப் முன்பு எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் இழுத்து நிறுத்தினார். தொழில் தொழில்தான்.

வகுப்பறையில் மூன்று கொடி. கிளிப் மாட்டிய புத்தகங்கள் துவைத்த துணிபோல ஆடின. பெற்றோர்கள் அவரவர் பிள்ளையின் புத்தகத்தைப் படித்துக் கண் கலங்கிக்கொண்டிருக்க, இவர் மற்றவர்களுடையதையும் புரட்டினார். பதினோரு கட்டங்களில் ‘நீ எங்கள் வாழ்வின் வெளிச்சம்’ என்றே இருந்தது. ஒரு எழுத்து மாறவில்லை. பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ புண்ணியவான் எழுத வேண்டிய வரிகளைப் பட்டியல் போட்டிருக்கிறார். சந்தேகம் பலித்தால் வழக்கமாக அவருக்கு ஒரு நிம்மதி வரும். இன்று வரவில்லை.

மகளின் புத்தகமும் தொங்கியது. கட்டம் நிரம்பவில்லை என்று சொல்லியேதான் கொடுத்திருக்கிறாள். டீச்சர் திறந்து பார்த்துவிட்டு, நிரம்பித்தானே இருக்கிறது என்று மாட்டிவிட்டார். அதன் கீழே பிள்ளைக் கூட்டம். ‘குதிரையும் பூனைதான்’ என்று ஒருத்தி உரக்கப் படிக்க எல்லோரும் சிரித்தார்கள், மகளும் சேர்ந்து. தன்னையும் இந்த அங்கிளை வைத்து செக் பண்ணச் சொல்லும்படி ஒரு பிள்ளை தன் அம்மாவின் கையை இழுத்துக்கொண்டிருந்தது.

டீச்சர் வந்தார். இரண்டாம் பக்கத்திலேயே இவரைக் கூப்பிட்டுக் கண்டிக்க நினைத்ததாக ஒளிக்காமல் சொன்னார். ஆனால், உனக்கு இது வரும் என்று எப்படித் தெரியும் என்று வகுப்பில் கேட்டபோது எழுந்து பதில் சொன்னது இவர் மகள் ஒருத்திதானாம். அதனால் விட்டுவிட்டாராம். பிறகு கடைசிப் பக்கத்தைக் காட்டினார்.

“எல்லாத்துக்கும் எப்படிச் சோதிச்சீங்கன்னு எழுதியிருக்கீங்க. இதுல மட்டும் ‘சோதனை’ன்னு போட்டுட்டு விட்டுட்டீங்களே?”

“இதைச் சோதிக்கலை டீச்சர்” என்றார்.

டீச்சர் அடுத்த பெற்றோரிடம் நகர்ந்தார். மகள் கிளிப்பைக் கழற்றிப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். பத்தாம் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். மையை விரலால் தடவிப் பார்த்தாள். ஒப்பத்தை மற்ற பக்கத்துக் கையெழுத்தோடு ஒப்பிட்டாள். வெளிவாசலில் நிற்கிற எவருக்கும் அதைவிட நன்றாகச் செய்ய வராது.

“ஏம்ப்பா, சோதிக்காமலே முத்திரை குத்தினா உனக்கு வேலை போயிடாதா?”

“போயிடும்.”

அவள் புத்தகத்தை மூடி, கொடியில் பழைய இடத்திலேயே மாட்டினாள்.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றாள். “அம்மாகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீ தனியா சொல்லி வெச்சிடு.”