வியாழக்கிழமை வயிற்றுவலி

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உங்களில் பெரியவன் ஒன்று கேட்டான். "கல்யாணம் ஆகி நாலு மாசம் ஆவுது. அவளுக்கு ஒரு ஷிப்டு, எனக்கு ஒரு ஷிப்டு. ரெண்டு பேருக்கும் லீவு கெடைக்கற அன்னிக்கி வெளில போனா, எதிர் எதிர்ல உக்காந்து பேசறதுக்கே எதையாவது வாங்க வேண்டியதா கீது. நீங்கல்லாம் அப்ப காசு இல்லாம எங்க போனீங்கப்பா?"

உங்கள் அம்மா சிரித்துவிட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டாள். சோற்றின் முன்னால் உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. நாங்கள் காசில்லாமல் போன இடத்தில் ஓர் எச்சில் தொட்டி இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது. அதனால் எழுதித் தருகிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

1991ஆம் வருஷம் தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். மண்ணூரில் ஒரே அறையும் சமையல்கட்டும் உள்ள ஓட்டு வீடு. அறையின் குறுக்கே ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தோம். அந்தப் பக்கம் என் அம்மாவும் என் தங்கையும், இந்தப் பக்கம் நாங்கள் இருவர். திரைக்கு அந்தப் பக்கம் தங்கை புரண்டு படுத்தால் இங்கே வளையல் சத்தம் கேட்கும். அப்படியானால் இங்கே பேசுவது அங்கே கேட்காதா? நாங்கள் பேசுவதே இல்லை. நான் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்தேன். வாரம் ஒரு ஷிப்டு. வீட்டுக்கு வந்தால் குளியல், சோறு, தூக்கம். உங்கள் அம்மா என்னிடம் ஒரு நாளைக்குப் பேசியது "தண்ணி வெச்சிட்டேன்", "சோறு போடட்டா" இரண்டுதான்.

ஒரு நாள் கொல்லையில் துணி துவைக்கும் கல் பக்கத்தில் நின்று ஏதோ பேசிச் சிரித்துவிட்டோம். உள்ளேயிருந்து என் அம்மா குரல் கொடுத்தாள். "இன்னாடா ரகசியம்? எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?" பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "உன் புள்ள முந்தானைய புடிச்சிகினு சுத்தறான் போல கீதே" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். உங்கள் அம்மா வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன், ஏதோ திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி.

பங்குனி கடைசியில் அவள் சொன்னாள், திரை அசையாத அளவுக்கு மெதுவாக: "ஆடி பொறந்தா எங்கப்பா வந்து என்னைக் கூட்டிகினு போயிடுவாரு. ஒரு மாசம் அங்கதான். அங்க உக்காந்து உங்கள நெனச்சிக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்லைங்க. திரும்பி வர்றதுக்கு எனக்கு ஒரு காரணம் வேணாமா?"

அவள் அழவில்லை. கணக்கு வாத்தியார் கேட்கிற மாதிரி கேட்டாள். ஆடிக்குள் ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

எனக்கு வார லீவு வியாழக்கிழமை. முதல் வியாழன் சாயங்காலம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். கூட்டிப்போனேன் என்றால், நான் முன்னால், அவள் பத்தடி பின்னால். புருஷன் பொண்டாட்டி ஒட்டி நடந்தால் ஊரில் பேச்சாகிவிடும். ஏரிக்கரை ஏறியதும் காற்று வந்தது, கூடவே நாற்றமும் வந்தது. புதருக்குப் புதர் ஆட்கள் குந்தியிருந்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் அவர்களில் ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை ஆகிற ஆள், குந்தியபடியே என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாடா, பொண்டாட்டிய இட்டுகினு ஏரிக்கரைக்கு வந்துகிற? வெக்கமா இல்ல?"

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் கேட்கிறார், எனக்கு வெட்கமா இல்லையா என்று! அதைவிட அசிங்கம், எனக்கு வெட்கமாகவே இருந்தது. திரும்பி நடந்தோம். வழியில் எதையோ மிதித்துவிட்டேன். வீடு வரும்வரை செருப்பைப் புல்லில் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். அவள் பத்தடி பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

அடுத்த வியாழன் வாலாஜாபாத் பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே போய்விட்டு அதே பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்பது என் திட்டம். கண்டக்டர் அவளை முன்னால் பெண்கள் பக்கம் ஏற்றினார், என்னைப் பின்னால் தள்ளினார். போகும்போது அவள் கொண்டையைப் பார்த்துக்கொண்டு போனேன். வரும்போதும் அதே கொண்டைதான்.

மூன்றாவது வியாழன் அவளுக்கு நிஜமாகவே வயிற்றுவலி. தண்டலம் பக்கத்தில் அப்போது ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. புண்ணியவான்கள் யாரோ நடத்தியது. காலையில் சீட்டு வாங்கினால் கூப்பிட மத்தியானம் ஆகும். நீள பெஞ்சு. புருஷன் பொண்டாட்டி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை! எதிரில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் என்னைக் காட்டித் தன் மகளிடம் சொன்னாள்: "பாத்தியா, பொண்டாட்டிக்கு நோவுன்னதும் வேலய வுட்டுட்டு இட்டாந்துகிறான். தங்கமான புள்ள."

கொல்லையில் நின்று சிரித்தால் முந்தானை பிடிப்பவன், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தால் தங்கமான பிள்ளை. எனக்கு அன்றைக்கு இது அருவருப்பாகப் படவில்லை. பெரிய கண்டுபிடிப்பு மாதிரி பட்டது. உள்ளே போய்ச் சிவப்புத் தண்ணி மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அவள் சொன்னாள், "எனக்கு வலி அப்பவே நின்னுடுச்சு. சொன்னா எழுந்து போயிடணுமேன்னு சொல்லல."

அப்புறம் ஆடி வரைக்கும் எல்லா வியாழக்கிழமையும் உங்கள் அம்மாவுக்கு வயிற்றுவலி.

அந்த இடத்தை நான் அழகாக்கிச் சொல்ல விரும்பவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் மணல் போட்ட எச்சில் தொட்டி. இருமுகிறவர்கள் எல்லாரும் அதில்தான் துப்புவார்கள். பாதி உள்ளே விழும், பாதி விளிம்பில் தொங்கும். ஈ மொய்க்கும். டெட்டால் வாடையும் வாந்தி வாடையும் கலந்து புடவையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். அங்கேதான் உங்கள் அம்மா சைக்கிள் ஓட்டுவாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் சின்ன வயதில் வாய்க்காலில் விழுந்து பிழைத்த கதையைக் கேட்டேன். எனக்கு ஒரு கையில் ஆறு விரல் இருந்து ஒன்றை வெட்டிய தழும்பை அவளிடம் காட்டினேன். நர்ஸ் அந்தப் பக்கம் வந்தால் உங்கள் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிப்பாள், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். ஒரு தடவை நான் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த தாத்தா, "பொண்டாட்டி துடிக்கறா, இவன் இளிக்கறான் பாரு" என்று திட்டிவிட்டுத் தொட்டியில் துப்பினார். மருந்தை வரும் வழியில் கால்வாயில் ஊற்றிவிட்டு, அடுத்த வாரம் மருந்து வாங்குவதற்குப் பாட்டிலை மட்டும் வீட்டுக்கு எடுத்துவருவோம்.

பாட்டில் சமையல்கட்டு மாடத்தில் இருந்தது. யார் வீட்டுக்கு வந்தாலும் கண்ணில் படுகிற இடம். நாங்கள் இரண்டு பேரும் அதை யோசிக்கவே இல்லை. என் அம்மா யோசித்தாள்.

முதலில் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பிறகு உங்கள் அம்மாவைத் தண்ணீர் சுமக்கவேண்டாம் என்றாள். பிறகு குழாயடியில் மருமகளின் நோவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஆனி மாதம் என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள், "வூட்ல ஒரு நோயாளி கீறாங்களாமே, இன்னா நோவு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. அன்றைக்கு என் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இத்தினி வாரம் மருந்து குடிச்சும் தீரலன்னா அது இன்னிக்கி நேத்து வந்ததில்லடா. கல்யாணத்துக்கு முன்னயே இருந்துகீது. மறைச்சி நம்ம தலைல கட்டிட்டாங்க."

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். "இல்லம்மா, நாங்க பேசறதுக்குத்தான் போனோம்." இவ்வளவுதான். வாய் வரவில்லை. பொண்டாட்டி நோயாளி என்று ஊர் சொல்வதை என்னால் தாங்க முடிந்தது. பொண்டாட்டியோடு பேச ஆசைப்பட்டவன் என்று சொல்வதைத் தாங்க முடியவில்லை. இதை எழுதும்போது என்மேலேயே எனக்குக் குமட்டுகிறது. அந்தத் தொட்டியைவிட அதிகமாக.

ஆடிக்கு முந்தின நாள் உங்கள் தாத்தா தட்டில் பழமும் புடவையும் வைத்துக்கொண்டு மகளைக் கூட்டிப்போக வந்தார். என் அம்மா தட்டை வாங்கவில்லை.

"கூட்டிகினு போங்க சம்பந்தி. ஆனா ஆடி முடிஞ்சதும்னு வேணாம். நல்ல டாக்டரா பாத்து, ஒடம்பு சரியான பெறவு கொண்டாந்து வுடுங்க."

"ஒடம்புக்கு இன்னா? எங்கூட்ல இருந்த வரைக்கும் ஒரு தலவலி கூட..." என்று அவர் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்கினார். பழம் ஒன்று உருண்டு விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்ததுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே காரியம்.

பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போனேன். அவள் அப்பா பஸ் வருகிறதா என்று ரோட்டோரம் போனபோது சொன்னாள்: "எனக்குத் திரும்பி வர்றதுக்குக் காரணம் அந்த பெஞ்சுலயே கெடைச்சிடுச்சி. நீங்கதான் அதை நோவுன்னு ஊரு சொல்ல வுட்டுட்டீங்க. அத்தை எங்கல்லாம் சொன்னாங்களோ அங்கல்லாம் போயி இல்லன்னு உங்க வாயால சொல்லுங்க. அதுக்கப்புறம் வாங்க. சொல்லலன்னா வராதீங்க."

"எல்லாம் சரியாயிடும்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கே அந்தச் சொல் நாறியது.

பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். பதினோரு நாள்! பன்னிரண்டாம் நாள் காலை, நைட் ஷிப்டு முடிந்து ரப்பர் கரி அப்பிய கையோடு வருகிறேன். குழாயடியில் குட வரிசை. என் அம்மா நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், "ஸ்கேன் எடுக்கணும்னு சொன்னாங்களாம்" என்று. யாரும் அப்படிச் சொல்லவில்லை. என் பொய்க்கு அவள் கையும் காலும் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவளுக்கு ஒரு நோவும் இல்ல."

"நீ வூட்டுக்குப் போ."

"வயித்து வலியே இல்ல. மருந்த கால்வாய்ல ஊத்திட்டோம். நாங்க பேசறதுக்குப் போனோம்."

அன்றைக்கு வேலிக்கு மேலே தலை நீட்டிய பக்கத்து வீட்டு அம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "யாரு கூட பேசறதுக்கு?"

"எம் பொண்டாட்டி கூட."

"தூ!" என்று என் அம்மா துப்பினாள். "பொண்டாட்டி கூட பேச ஆஸ்பத்திரியா? வூட்ல பேசினா நாங்க இன்னா நாக்கையா புடுங்கிட்டோம்?"

"கொல்லைல பேசினப்ப இன்னா சொன்னீங்க ரெண்டு பேரும்? ஏரிக்கரைல போனா குந்திகினு கீறவன் வெக்கமா இல்லன்றான். எங்கதான் போறது? எச்சித் தொட்டி பக்கத்துல உக்காந்தா மட்டும் யாரும் ஒண்ணும் சொல்லல."

யாரோ ஒரு பெண் சிரித்தாள். "அய்ய, இவனப் பாரேன்" என்றாள் இன்னொருத்தி. என் அம்மா குடம் நிரம்புவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு நடந்தாள். இரண்டு நாள் எனக்குச் சோறு போடவில்லை. தங்கைதான் போட்டாள். போடும்போது, "அண்ணி கூட நானும் பேசியிருப்பேன், எங்கிட்ட கூட சொல்லல இல்ல?" என்று ஒரு கேள்வி கேட்டாள்.

அந்த வியாழன் உங்கள் அம்மாவின் ஊருக்குப் போக வாலாஜாபாத் பஸ் ஏறினேன். ஆடியில் கூப்பிடாமல் மாப்பிள்ளை போய் நிற்பது வழக்கமில்லை. உங்கள் தாத்தா வாசலிலேயே, "வாங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு, மேலே என்ன சொல்வது என்று தெரியாமல் உள்ளே போய்விட்டார். உங்கள் அம்மா தெருவைப் பார்த்த படியில் உட்கார்ந்து முறத்தில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எங்க சொன்னீங்க?"

"கொழாயடில."

"எத்தினி பேரு இருந்தாங்க?"

"பதினஞ்சு கொடம்."

"அத்தை கொடத்தயும் சேத்தா?"

"சேத்துதான்."

அவள் முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டு படியில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டாள். தெருவில் ஒரு கிழவர் நின்று எங்களைப் பார்த்துவிட்டுக் காறித் துப்பினார். நான் உட்கார்ந்தேன்.