மாமியின் சுறா எண்ணெய்

பள்ளிக்கூடத்தில் வருடந்தோறும் உயிர்ச்சத்து ஏ பற்றிப் படிப்பிக்கிறவள் நான். அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். மிஞ்சியது சிறுநீரோடு போகாது, பெரும்பகுதி ஈரலிலும் கொஞ்சம் உடம்புக் கொழுப்பிலும் சேர்ந்து கிடக்கும் என்று சொன்னால் பிள்ளைகள் பேசாமல் எழுதிக்கொள்வார்கள். வீட்டில் மாமிக்கு அதை விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை.

முதற்பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது. இரண்டாவது தரம் உண்டானபோது நான் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டேன். மாமியோ சுறா ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயும் கரண்டியுமாக வந்து நின்றார். எங்கள் கரையில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறா கொடுப்பது வழக்கம்; பால் சுரக்குமாம். அதை யார் வேண்டாமென்றது? சுறா நல்லதென்றால் அதன் ஈரல் எண்ணெய் இன்னும் நல்லது, பெறுவதற்கு முன்பே தொடங்கினால் அதைவிட நல்லது என்பது மாமியின் சொந்தக் கண்டுபிடிப்பு. முன்பு அந்த எண்ணெயை மரவள்ளங்களுக்குப் பூசுவார்கள். இப்போது கரையெல்லாம் பைபர் படகு. பூச வள்ளமில்லாத எண்ணெய்க்கு நான் அகப்பட்டேன்.

“மாமி, இதில உயிர்ச்சத்து ஏ நிறைய இருக்கு. அது கூடினா வயித்துப் பிள்ளைக்குக் கூடாது. ஊனமாப் பிறக்கவும் கூடும். கிளினிக்கிலயும் சொன்னவை.”

“சத்துத்தானே பிள்ளை. மிஞ்சினா வெளியால போயிடும்.”

“போகாது மாமி! அதைத்தான் சொல்லுறன், போகாது!”

“சரி சரி, கத்தாதை. இனித் தரேல்லை.”

அவ்வளவு லேசில் இறங்கி வந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். மீன் மணக்கிற வீட்டில் எந்த மணத்தைப் பிரித்து அறிவது? ஒருநாள் பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டது. வந்து பார்த்தால், குசினியில் மாமி, சுறாவை உதிர்த்து வறுத்த வறைக்குள் அந்த எண்ணெயை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். என்னுடைய பங்குக்கு மட்டும்.

“கரண்டியைக் கண்டா உனக்கு ஓங்காளம் வருதெண்டுதான் கறிக்குள்ள விட்டனான்” என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்தவர் போல.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கடலால் வந்த கணவரிடம் சொன்னேன். “அம்மா நல்லதுக்குத்தானே செய்தவ” என்றுவிட்டு, கிழிந்த வலையைப் பொத்தப் போய்விட்டார். அந்த மனிசனைக் கடலிலேயே விட்டிருக்கலாம்.

மன்னார் ஆஸ்பத்திரியில் டொக்டர் பொறுமையாகக் கேட்டார். “இனி ஒரு துளியும் வேண்டாம். உள்ளுக்குப் போனதை எடுக்க ஏலாது. ஸ்கானில பாத்துக்கொண்டு வருவம்.”

பிறகு பிள்ளை பிறக்கும்வரை நான் பட்ட பாட்டை மாமி அறியமாட்டார். ஸ்கானில் குறையொன்றும் தெரியவில்லை என்றார்கள். அது எனக்குப் போதவில்லை. இடுப்பிலும் தொடையிலும் சதை வைத்தது. கண்டவர்களெல்லாம் “நல்லா உடம்பு வைச்சிட்டா” என்று மெச்சினார்கள். எனக்கோ அந்தச் சதையைத் தொடவே பயம். கொழுப்புக்குள் போனது பூட்டி வைத்தது போலச் சும்மா கிடக்காது, கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குத் திரும்பும் என்று படிப்பித்தவள் நானல்லவா? அங்கிருந்து என் பிள்ளைக்கு என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்று நினைத்து நினைத்து அழுதேன். படிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மகள் பிறந்தாள். விரல், காது, அண்ணம், நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு குறையுமில்லை என்றார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாமி பேத்தியைத் தூக்கிக்கொண்டு வார்ட்டைச் சுற்றி வந்தார். “பாருங்கோ, என்ன வடிவு! எல்லாம் நான் குடுத்த சுறா எண்ணெய்.”

சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறாள், பெயரை யார் எடுத்தால் என்ன என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்த கட்டிலில் இருந்தவளைப் பார்க்க அவளுடைய தங்கச்சி வந்திருந்தாள். வயிறு அப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தது. அவள் மாமியின் கையைப் பிடித்துக் கேட்டாள்: “அன்ரி, எனக்கும் ஒரு போத்தல் உருக்கித் தருவீங்களே?”

தையல் இழுத்து வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கினேன்.